மணாலி–லே சாலையில் பைக்கும் டென்ட்டும்: எதை எடுப்பது, எந்த வரிசையில் கட்டுவது – முழுமையான வழிகாட்டி

லடாக் பயணத்துக்கு மூட்டை கட்டுகிறவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் வீட்டுக் கூடத்தில் பரப்பி வைத்து, பட்டியலைப் பார்த்துப் பார்த்துப் பையில் போடுவார்கள். பெரியது முதலில், சின்னது இடுக்கில். வீட்டில் பார்க்கும்போது எல்லாம் கச்சிதமாகத்தான் தெரியும். வழியில் உள்ள ஜிஸ்பாவில் பாகா ஆற்றங்கரையில் பைக்கை நிறுத்தும்போதுதான் வினை தெரியவரும். வெயில் மலைக்குப் பின்னால் போனதுமே குளிர் இறங்கிவிடும். நாள் முழுக்க ஹேண்டில்பார் பிடித்த விரல்கள் மரத்துப் போயிருக்கும். டென்ட் ஒரு பையின் அடியிலும் அதன் கம்பிகள் இன்னொரு பையிலும் கிடந்து, டார்ச் எங்கே என்றும் தெரியாவிட்டால், மொத்த மூட்டையையும் புழுதியில் இறக்கித் தேட வேண்டியதுதான்.

அதனால் மாலையிலிருந்து தொடங்குங்கள். முகாமிட்டதும் கை எதை முதலில் தேடும், அடுத்து எதைத் தேடும் என்று எழுதி வையுங்கள். கட்டும்போது அந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். மணாலி–லே சாலையை வைத்தே சொல்கிறேன். குளிர், காற்று, உயரம், ஆற்று நீர், பெட்ரோல் இல்லாத நீண்ட தூரம் எல்லாம் ஒரே சாலையில் வருவதால், இதற்குச் சரியாகக் கட்டிய மூட்டை மற்ற மலைச் சாலைகளுக்கும் பெரும்பாலும் போதும்.

படி 1: எங்கே தூங்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஸ்லீப்பிங் பேக் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2020 அக்டோபரில் திறந்த 9 கி.மீ. நீள அடல் சுரங்கம் வழியாகப் போனால், மதியத்துக்குள் கேலாங்கைத் தாண்டி 3,200 மீட்டர் உயரத்தில் உள்ள ஜிஸ்பாவுக்கு வந்துவிடலாம். அங்கிருந்து பாராலாச்சா லா (லா என்றால் கணவாய்) கிட்டத்தட்ட 4,890 மீட்டர். அதைத் தாண்டிய சர்ச்சு 4,290 மீட்டர், பாங் 4,600 மீட்டர். லேவுக்கு முன் கடக்கும் தங்லாங் லா 5,300 மீட்டருக்கும் மேல். லே மட்டும் 3,500 மீட்டருக்கு இறங்கிவிடும்.

சர்ச்சுவில் இரவு தங்குவதுதான் பலருக்கும் உடம்பைப் படுத்துகிறது. முந்தைய நாள் வரை தாழ்வான இடத்தில் இருந்த உடம்பு, 4,000 மீட்டருக்கு மேல் தூங்கப் பழகியிருக்காது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கும். முடிந்தால் ஸ்ரீநகர், கார்கில் வழியாக ஏறிப் போய், லேவில் இரண்டு இரவாவது தங்கிவிட்டு, மணாலி வழியாக இறங்குங்கள். கார்கில் 2,700 மீட்டருக்குள்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் ஏற்றம் படிப்படியாக வரும். இறங்கும்போது சர்ச்சுவிலோ பாங்கிலோ டென்ட் போட்டாலும் உடம்பு தாங்கும். மணாலியிலிருந்துதான் ஏற வேண்டும் என்றால், ஜிஸ்பாவில் இரண்டு இரவு டென்ட் போட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

இந்த முடிவு உங்கள் மூட்டையையே மாற்றிவிடும். ஜூலையில் ஜிஸ்பா வரை போதுமான ஸ்லீப்பிங் பேக், செப்டம்பரில் சர்ச்சுவில் போதாது. அங்கே இரவு வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும்.

படி 2: எடையை எழுதி வையுங்கள்

சூட்கேஸ் தூக்கிப் பார்க்கும் சின்னத் தராசு ஒன்று வாங்கி, ஒவ்வொரு பொருளையும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பைக் எவ்வளவு தாங்கும் என்று ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். அந்தக் கணக்கில் நீங்கள், நீங்கள் போட்டிருக்கும் ரைடிங் ஜாக்கெட், பூட்ஸ், பின்னால் உட்காருபவர், இருபுறமும் தொங்கும் பைகளைத் தாங்கும் சாடில் ஸ்டே கம்பி, கேன் பெட்ரோல் எல்லாமே சேரும். தனியாகப் போகிறவருக்கு மொத்த லக்கேஜ் 25 கிலோவுக்குள் இருந்தால் ஆற்றுக் கல்லில் பைக் சாய்ந்தாலும் தானே நிமிர்த்தலாம். 35 கிலோவைத் தாண்டினால், அந்த உயரத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்த்துவது பெரும்பாடு.

பின் கேரியரில் எவ்வளவு ஏற்றலாம் என்பது தனி வரம்பு, பெரும்பாலும் சில கிலோதான். அதைத் தாண்டி ஏற்றினால் குழிகளில் குலுங்கிக் குலுங்கி வெல்டிங் விட்டுப்போகும். அதனால் கனமான எதையும் அங்கே கட்டாதீர்கள்.

படி 3: டென்ட், பாய், ஸ்லீப்பிங் பேக்

பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். மற்றவற்றில் சமாளித்துக்கொள்ளலாம். தூக்கம் கெட்டால் மறுநாள் பனி உருகி ஓடும் ஓடையைக் கடக்கும்போது கால் தடுமாறும்.

டென்ட் தானே நிற்கும் வகையாக இருக்கட்டும். ஆணி அடித்தால்தான் நிற்கும் டென்ட் சர்ச்சுவின் கல் தரையில் பயன்படாது, ஆணி வளைந்துவிடும். நான்கு மூலைக்கும் சேர்த்து பத்துப் பதினைந்து மீட்டர் மெல்லிய நைலான் கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். ஆணி இறங்காத இடத்தில் கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றிக் கட்டிவிடலாம். தனி ஆளுக்கும் இருவர் டென்ட்டே சரி. ஹெல்மெட், பூட்ஸ், டேங்க் பேக் எல்லாம் உள்ளே வந்துவிட வேண்டும். இரண்டரை கிலோவுக்குள் கிடைக்கும்.

கடையில் "மைனஸ் 10" என்று எழுதிய ஸ்லீப்பிங் பேக்கை அப்படியே நம்ப வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 23537 தரப்படி சோதித்த பையில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று வெப்பநிலைகள் தரப்பட்டிருக்கும். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைப்பதற்கான கணக்கு, அந்தக் குளிரில் தூக்கம் வராது. நீங்கள் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் எண். ஜூலை, ஆகஸ்டுக்கு கம்ஃபர்ட் 0 டிகிரி, செப்டம்பருக்கு மைனஸ் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். சமவெளி வெயிலில் வளர்ந்த நமக்கு அதைவிட இன்னும் ஐந்து டிகிரி கூடுதல் குளிர் தாங்கும் பையை எடுப்பது புத்திசாலித்தனம். உள்ளே போட ஒரு துணி லைனர் இருந்தால் கதகதப்பும் கூடும், பையும் அழுக்காகாது.

பலரும் அலட்சியப்படுத்துவது கீழே விரிக்கும் பாயைத்தான். உடம்பின் எடையில் ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பகுதி நசுங்கிவிடும், அதற்குப் பிறகு தரையின் குளிரைத் தடுப்பது பாய் மட்டும்தான். பாயின் தடுப்புத் திறனை ஆர்-வேல்யூ என்பார்கள். 4 அல்லது அதற்கு மேல் உள்ளதைப் பாருங்கள். காற்றடைத்த பாய் என்றால் கூடவே மெல்லிய ஃபோம் ஷீட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாய் ஓட்டையானாலும் இரவு ஓடிவிடும், பகலில் உட்கார்ந்து சமைக்கவும் அதுவே ஆகும்.

டென்ட்டுக்கு அடியில் போடச் சின்ன நீலத் தார்ப்பாய் போதும். டென்ட் தரையைவிட நான்கு விரல் உள்ளடங்கி இருக்கும்படி மடித்துப் போடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை வாங்கி உள்ளே விடும்.

படி 4: அடுப்பும் சாப்பாடும்

பைக்கை ரயில் பார்சலில் டெல்லிக்கோ சண்டிகருக்கோ அனுப்புகிறவர்கள் டேங்க்கைக் காலி செய்துதான் ஏற்ற முடியும். அடுப்புக்கான கேஸ் அடைத்த சின்ன டப்பாவை, அதாவது கேனிஸ்டரை, ரயிலிலும் கொண்டுபோகக் கூடாது, விமானத்திலும் கூடாது. அதனால் ஊரிலிருந்து அடுப்பின் தலைப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, கேனிஸ்டரை மணாலியிலோ லேவிலோ வாங்குங்கள். உங்கள் அடுப்பு திருகும் வகையா, பக்கத்திலிருந்து பொருத்தும் வகையா என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

கேனிஸ்டருக்குள் என்ன வாயு இருக்கிறது என்றும் பாருங்கள். சாதாரண பியூட்டேன் கடல்மட்டத்தில் மைனஸ் அரை டிகிரியில் ஆவியாகும். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் இன்னும் சற்றுக் குளிரிலும் வேலை செய்யும். ஆனால் எரியும்போது கேனிஸ்டரே குளிர்ந்துகொண்டு போவதால், காலைக் குளிரில் சுடர் சுருங்கிவிடும். ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த கேனிஸ்டர் கிடைத்தால் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். அடிக்கடி இப்படிப் போகிறவருக்கு பெட்ரோலில் எரியும் அடுப்பு நல்ல துணை. பைக் டேங்க்கிலிருந்தே எரிபொருள் எடுத்துக்கொள்ளலாம்.

சர்ச்சு உயரத்தில் தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசி வேகாது, பருப்பு கேட்கவே வேண்டாம். சின்னக் குக்கர் சுமப்பதைவிட, வேகவைக்கத் தேவையில்லாத சாப்பாட்டை எடுத்துப் போவது மேல். அவலைவிட இதற்குத் தோதானது வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். எடை குறைவு, வெந்நீர் ஊற்றினால் பதமாகிவிடும், புளிக்காய்ச்சலைக் கலந்தால் இரவுச் சாப்பாடு, வெல்லம் போட்டால் காலைச் சாப்பாடு. வறுத்து, தாளித்துப் பொட்டலம் கட்டிய ரவையும் வெந்நீரில் உப்புமா ஆகிவிடும். கடலை மிட்டாய், பேரீச்சை, பருப்புப் பொடி, உடனடிச் சூப் போதும். தர்ச்சா, பாங், டெப்ரிங் என்று வழிநெடுகக் கோடையில் கூடாரக் கடைகள் இருக்கும். அங்கே மேகியும் ராஜ்மா சாதமும் கிடைக்கும். ஆகவே மூன்று வேளைக்கு மேல் உணவுப் பொருள் சுமக்க வேண்டியதில்லை.

மழை பெய்தாலும் டென்ட்டுக்குள் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. துணி தீப்பிடிப்பதைவிட, வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு பெரிய ஆபத்து. ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்த உயரத்தில் அது இன்னும் சீக்கிரம் ஆளைச் சாய்த்துவிடும்.

படி 5: துணிமணி

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தெர்மல் இரண்டு செட், ஒரு ஃபிளீஸ், பறவை இறகு அடைத்த டவுன் ஜாக்கெட் ஒன்று, மூன்று ஜோடி கம்பளி சாக்ஸ், காதை மூடும் தொப்பி. பருத்திப் பனியன் வியர்வையில் நனைந்தால் காயாது, அதை விட்டுவிடுங்கள். தூங்கும்போது மட்டும் போட ஒரு தெர்மல் செட்டை வாட்டர் ப்ரூஃப் பையில் தனியாக வையுங்கள். பகலில் எவ்வளவு நனைந்தாலும் அதைத் தொடக் கூடாது. நீர் புகாத கையுறை ஒன்றும், உள்ளே போட மெல்லிய கையுறை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். ரெயின் கோட்டை வெளிப்பையில்தான் வைக்க வேண்டும், ஓரத்தில் நின்றதும் கைக்கு எட்டும்படி.

படி 6: பெட்ரோல், டூல்ஸ்

கேலாங்குக்குச் சற்று முன்னால் தண்டியில் உள்ள பங்க்கில் "அடுத்த பெட்ரோல் பங்க் 365 கி.மீ." என்று எழுதிய பலகை லடாக் போகும் எல்லோருக்கும் தெரியும். அங்கே நிரப்பிக்கொண்டால் லேவை நெருங்கும்வரை தாங்க வேண்டும். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கின் டேங்க் 15 லிட்டர், 450இன் டேங்க் 17 லிட்டர். ஏற்றத்திலும் காற்றிலும் மைலேஜ் குறைந்தாலும் இரண்டுமே தாங்கும். உங்கள் பைக் ஒரு டேங்க்கில் 400 கி.மீ. நிச்சயமாக ஓடாது என்றால் 5 லிட்டர் கேன் வேண்டும். பெட்ரோல் கேனைச் சாப்பாட்டுப் பை இருக்கும் பக்கம் கட்டாதீர்கள், சைலன்சர் பக்கமும் கட்டாதீர்கள். முழுக்க நிரப்பாமல் மேலே கொஞ்சம் காலியாக விடுங்கள். உயரம் ஏறும்போது வெளிக் காற்றழுத்தம் குறைவதால் கேன் உப்பும், நிறுத்தும் இடத்தில் மூடியை மெதுவாகத் திறந்து மூடுங்கள். முதலில் ஓடித் தீர வேண்டியது கேன் பெட்ரோல்தான். டேங்க்கில் இடம் வந்ததுமே ஊற்றிவிட்டால் சுமை குறையும்.

டூல்ஸில் முதல் இடம் பஞ்சருக்கு. டியூப் டயர் என்றால் முன்னும் பின்னும் ஒவ்வொரு டியூப், இரண்டு டயர் லிவர், காற்றடிக்கும் பம்ப். டியூப்லெஸ் என்றால் பிளக் கிட்டும் பம்ப்பும். இவற்றை வைத்திருப்பதோடு, ஊரிலேயே ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி, டியூப் மாற்றி மாட்டிப் பாருங்கள். ஒரு கிளட்ச் கேபிள் வாங்கி, பழைய கேபிளை ஒட்டியே ஓடவிட்டு டேக் போட்டுக் கட்டிவிடலாம். பையில் இடம் பிடிக்காது, அறுந்தால் இரண்டு முனையையும் மாட்டினால் போதும். கிளட்ச் லிவர், பிரேக் லிவர், ஸ்பார்க் பிளக், ஃப்யூஸ், செயின் லிங்க், எம்-சீல், கம்பி, டக்ட் டேப். சைடு ஸ்டாண்டின் கீழ் வைக்க உள்ளங்கை அளவு தகடு ஒன்று, இல்லாவிட்டால் பாங்கைத் தாண்டி வரும் மோர் (More) சமவெளியின் மணலில் பைக் சாய்ந்துகொண்டே போகும்.

படி 7: உடம்போடு இருக்க வேண்டியவை

பைக் ஆற்றில் விழுந்தாலும், மூட்டை அறுந்து பள்ளத்தில் போனாலும் உங்களோடு மிஞ்ச வேண்டியவை ஜாக்கெட் பாக்கெட்டில் இருக்கட்டும்: லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஆதார், பணம், போன், விசில், தீப்பெட்டி, மாத்திரைகள். லேவைத் தாண்டி பாங்காங், நுப்ரா போகிறவர்கள் சுற்றுச்சூழல் கட்டணம் கட்டிய ரசீதையும் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சாவி உடன் வருபவரின் பாக்கெட்டில்.

வேறு மாநிலத்து ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது. போஸ்ட்பெய்டு இணைப்போடு போங்கள், வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். ஜிஸ்பாவைத் தாண்டினால் பெரும்பாலான தூரத்துக்கு சிக்னலே இருக்காது. அதற்காக வெளிநாட்டிலிருந்து சாட்டிலைட் போனோ அதுபோன்ற கருவியோ வாங்கி வராதீர்கள், தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம்.

உயரநோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். படுத்தாலும் மூச்சுத் திணறல் அடங்கவில்லை, நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் மாத்திரையை நம்பி விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறங்க வேண்டும்.

படி 8: ஏற்றுவது

கனமானது தாழ்வாக, முன்பக்கமாக, உங்கள் இடுப்புக்கு அருகில். டூல்ஸ், டியூப், அடுப்பு, தண்ணீர் எல்லாம் இரண்டு சாடில் பேக்குகளின் அடியில். இடதும் வலதும் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. சைலன்சர் பக்கத்துப் பை சூட்டில் உருகாமலிருக்க ஒரு கை இடைவெளியாவது வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் தகடு வையுங்கள்.

டென்ட் கம்பிகளைத் துணியிலிருந்து பிரித்துவிடுங்கள். நீளமான பொருள் அதுதான், அதை வைத்துத்தான் பின்சீட்டுப் பையின் அகலமே முடிவாகும். கம்பிகள் குறுக்காக, பையின் நடுவில், துணிகள் சுற்றி இருக்கும்படி. ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் விழும்போது குத்தும். ஸ்லீப்பிங் பேக்கும் துணியும் அடியில், டென்ட்டும் தார்ப்பாயும் மேலே. முகாமில் இறங்கியதும் பின்சீட்டுப் பையைத் திறந்தால் முதலில் டார்ச், அடுத்து தார்ப்பாய், டென்ட், கம்பி என்று வெளியே வர வேண்டும். டென்ட் நின்ற பிறகுதான் பாயும் ஸ்லீப்பிங் பேக்கும் வெளியே வரும். அதற்குள் மழை வந்தாலும் அவை நனைந்திருக்காது.

பைகள் "வாட்டர் ப்ரூஃப்" என்று விற்றாலும், உள்ளே இருப்பதைத் தடித்த பிளாஸ்டிக் பையில் சுற்றிப் போடுங்கள். மதியத்துக்குப் பிறகு பனி உருகி ஓடைகளில் நீர் ஏறும், சாடில் பேக் பாதி மூழ்கலாம். உயரத்தில் சன்ஸ்கிரீன் ட்யூபும் பற்பசையும் திறந்ததும் பீறிக்கொண்டு வரும், காற்றடைத்த சிப்ஸ் பாக்கெட் ஊதிப் புடைக்கும். அவற்றைத் தனிக் கவரில் போடுங்கள்.

கொக்கி வைத்த ரப்பர் கயிற்றை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். குலுக்கலில் கொக்கி கழன்று சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். இழுத்துக் கட்டும்போது நழுவிக் கண்ணில் பட்டாலும் விபரீதம். பக்கிள் வைத்த பட்டையான ஸ்ட்ராப் இரண்டை முன்னிருந்து பின்னாக, இரண்டைக் குறுக்காகப் போட்டு, தொங்கும் முனைகளை முடிந்துவிடுங்கள். பையைக் கையால் பிடித்து ஆட்டினால் பைக்கும் சேர்ந்து ஆட வேண்டும்.

படி 9: ஊரிலேயே ஒரு நாள் ஓட்டுங்கள்

முழு லக்கேஜையும் ஏற்றிக்கொண்டு, வேகத்தடைகளும் கரடான சாலையும் உள்ள பக்கம் குறைந்தது 100 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். பின் சஸ்பென்ஷனின் ப்ரீலோடை (ஸ்பிரிங் இறுக்கத்தை) ஏற்றி, டயரில் மேனுவல் சொல்லும் முழுச் சுமைக்கான காற்றை அடித்துவிட்டு, சுமை ஏறிய நிலையிலேயே செயின் தளர்ச்சியைப் பாருங்கள். இரவில் ஹெட்லைட் மேலே தூக்கி எதிரில் வருபவர் கண்ணில் அடித்தால் அதையும் தாழ்த்த வேண்டும். 20 கி.மீ. போனதும் நிறுத்தி ஸ்ட்ராப்பை இறுக்குங்கள், துணிப் பைகள் குலுங்கி அமர்ந்துவிடுவதால் முதல் இறுக்கம் எப்போதும் தளரும்.

வீடு திரும்பியதும் விளக்கை அணைத்துவிட்டு, கையுறை போட்டபடி மொட்டை மாடியில் டென்ட்டைக் கட்டிப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால், எந்தப் பொருளைத் தேடித் தாமதமானது என்று பார்த்து அதன் இடத்தை மாற்றுங்கள்.

முகாமிலும், காலையில் கிளம்பும்போதும்

இரவில் தண்ணீர் பாட்டிலையும் பவர் பேங்கையும் போனையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் தண்ணீர் உறையும், பேட்டரி சார்ஜ் இறங்கும். ஏரிக்கரைகளிலும் ராணுவ முகாம்களின் அருகிலும் கேட்காமல் டென்ட் போடாதீர்கள். சோ மோரிரியும் சோ கரும் சாங்தாங் வனவிலங்குச் சரணாலயத்தில் வருபவை, கருங்கழுத்துக் கொக்குகள் அந்த ஈரநிலங்களில்தான் கூடு கட்டுகின்றன. மரமே அரிதான பூமி என்பதால் விறகு பொறுக்கித் தீ மூட்டவும் கூடாது.

காலையில் டென்ட்டின் உட்பக்கம் ஈரமாகத்தான் இருக்கும். காயும்வரை காத்திருக்க நேரம் இருக்காது, வெயில் ஏறுவதற்குள் ஓடைகளைக் கடந்தாக வேண்டும். ஈரமான மேல்துணியைத் தனிப் பையில் சுருட்டி வெளியே கட்டிவிட்டு, மதியம் சாப்பிட நிறுத்தும் இடத்தில் பைக் மீது விரித்துப் போடுங்கள், அந்த வறண்ட காற்றில் அரை மணியில் காய்ந்துவிடும். குப்பைக்கென ஒரு பையைப் பின்பக்கம் மாட்டி, காலி கேனிஸ்டர் உட்பட எல்லாவற்றையும் லே வரைக்கோ மணாலி வரைக்கோ கொண்டுவந்துவிடுங்கள்.